நீட் இயற்பியல்: சூத்திரத்துக்கு முன் நிபந்தனையைப் படிப்பது எப்படி?

ஒரு புரோட்டானும், அதைப்போல் நான்கு மடங்கு நிறையும் இரு மடங்கு மின்னூட்டமும் கொண்ட ஓர் ஆல்ஃபா துகளும் ஒரே சீரான காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக நுழைகின்றன. அவை வரையும் வட்டப் பாதைகளின் ஆரங்கள் என்ன விகிதத்தில் இருக்கும்? கேள்வி இத்துடன் நின்றால் விடை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேகத்தில் நுழைந்தால் விகிதம் 1:2. ஒரே உந்தத்தோடு நுழைந்தால் 2:1. ஒரே இயக்க ஆற்றலோடு நுழைந்தால் 1:1. ஓய்விலிருந்து ஒரே மின்னழுத்த வேறுபாட்டால் முடுக்கப்பட்டு நுழைந்தால் 1:√2. நான்குக்கும் சூத்திரம் ஒன்றே. துகளின் உந்தத்தை, அதன் மின்னூட்டமும் காந்தப்புலமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் ஆரம் வந்துவிடும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் நான்கு முறையும் வேகத்தையே சமமாக எடுத்துக்கொண்டு 1:2 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கேள்வி அமைப்பவருக்கும் அது தெரியும் என்பதால், அந்தத் தவறான விடை தெரிவுகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.

மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசும்போது ‘கான்செப்ட் தெளிவாக இருக்க வேண்டும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன என்பதை யாரும் விளக்குவதில்லை. நடைமுறையில் அது பெரும்பாலும் இரண்டு கேள்விகளாகச் சுருங்கிவிடுகிறது: இந்தச் சமன்பாடு எந்த நிபந்தனையில் செல்லும், இந்த நிகழ்வில் எது மாறாமல் இருக்கிறது? இவ்விரண்டையும் பாடம் பாடமாகக் கேட்டுப் பழகும் வழியையே கீழே விளக்கியிருக்கிறேன்.

தேர்வின் அமைப்பே இந்த வழியை வற்புறுத்துகிறது. 2025ஆம் ஆண்டு முதல் நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். அவற்றில் இயற்பியலுக்கு 45 கேள்விகள், 180 மதிப்பெண்கள். 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் பதினைந்து கேள்விகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து எழுதும் பகுதி இருந்தது. அது நீக்கப்பட்டுவிட்டதால், பிடிக்காத பாடத்தை ஒதுக்கிவைத்துச் சமாளிக்கும் வசதியும் போய்விட்டது. தேர்வறையில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை என்பதால் நீண்ட கணக்குகளை அதிகமாகக் கேட்க இயலாது. ஆகவே கேள்வியைக் கடினமாக்க விரும்புபவர் அந்தக் கடினத்தை எண்களில் வைப்பதைவிட நிபந்தனையில் வைப்பதே எளிது. உயிரியலை விரும்பி வந்த மாணவர்கள் தங்களுக்குக் கணக்கு வராது என்று சொல்லி இயற்பியலைத் தள்ளிவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கணக்கு அன்று.

ஒரு பாடத்தை முதன்முறை வாசிக்கும்போது

அடிப்படை நூல் என்சிஇஆர்டியின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள்தாம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் தங்கள் நூலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஒரு கருத்து புரியாதபோது தமிழில் விரிவாக வாசிக்க அந்த நூலே ஏற்றது. ஆனால் வரையறைகளையும் குறியீட்டு மரபுகளையும் என்சிஇஆர்டியின்படி உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரிய கோச்சிங் நிறுவனங்களின் தடித்த தொகுப்புகளை முதல் வாசிப்புக்கு எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அவற்றில் சூத்திரங்கள் கட்டம் கட்டித் தரப்பட்டிருக்கும், அவை பிறந்த சூழல் விடுபட்டிருக்கும்.

வாசிக்கும்போது ஒரு சமன்பாடு வந்தால் அங்கேயே நின்று, குறிப்பேட்டில் மூன்று செய்திகளை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் எதன், எந்த இடத்து, எந்த நேரத்து அளவைக் குறிக்கிறது என்பது முதலாவது. அதை வருவிக்கும்போது நூலாசிரியர் எதை ஏற்றுக்கொண்டார் என்பது இரண்டாவது. ஓர் அளவைச் சுழியாகவோ மிகப் பெரிதாகவோ ஆக்கினால் விடை எங்கே போய் நிற்கிறது என்பது மூன்றாவது.

இரண்டாவது செய்திதான் பெரும்பாலும் விடுபடுகிறது. நேர்கோட்டு இயக்கத்தின் மூன்று சமன்பாடுகளும் முடுக்கம் மாறிலியாக இருக்கும்போது மட்டுமே செல்லும். முடுக்கம் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும் கேள்வியில் அவற்றைப் போட்டால் விடை தவறும். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வெப்ப இயக்கவியலில் இருக்கிறது. வெப்பம் புகாத ஒரு கலனைத் தடுப்பு ஒன்று இரு சம அறைகளாகப் பிரிக்கிறது. ஓர் அறையில் நல்லியல்பு வாயு, மற்றதில் வெற்றிடம். தடுப்பை எடுத்துவிட்டால் வெப்பநிலை என்ன ஆகும்? ‘வெப்பம் புகாத’ என்ற சொல்லைக் கண்டதும் மாணவர் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வின் சமன்பாட்டை எடுத்து, பருமன் இரு மடங்கானதால் வெப்பநிலை குறையும் என்று கணக்கிட்டுவிடுவார். ஆனால் அந்தச் சமன்பாடு மீமெதுவாக, ஒவ்வொரு கணமும் சமநிலைக்கு அருகிலேயே நடக்கும் நிகழ்வுக்காக வருவிக்கப்பட்டது. இங்கே வாயு கட்டுப்பாடின்றிப் பாய்கிறது. வெப்பம் உள்ளே வரவில்லை. வெற்றிடத்தில் தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் வாயு வேலையும் செய்யவில்லை. ஆகவே அக ஆற்றல் மாறாது. நல்லியல்பு வாயு என்பதால் வெப்பநிலையும் மாறாது. அழுத்தம் மட்டும் பாதியாகும். இங்கு வெப்ப இயக்கவியலின் முதல் விதி செல்லும், அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட சூழலுக்காகப் பெறப்பட்ட சூத்திரம் செல்லாது. எந்தப் பாடத்திலும் அடிப்படை விதி எது, அதன் தனிநிலைச் சூத்திரம் எது என்று பிரித்துக் குறித்துவைப்பது பின்னாளில் பெரிதும் உதவும்.

மூன்றாவது செய்தி தேர்வறையில் நேரடியாகப் பயன்படும். கப்பியின் இரு புறமும் தொங்கும் நிறைகளின் முடுக்கத்தைக் கேட்டால், நிறைகள் சமமானால் விடை சுழியாக வேண்டும், ஒரு நிறை இல்லாமற்போனால் மற்றது தடையின்றி விழ வேண்டும் என்ற இரண்டு சோதனைகளே பல நேரங்களில் இரண்டு தெரிவுகளை வெளியேற்றிவிடும். பக்க இணைப்பில் ஒரு மின்தடையை எல்லையற்றதாக்கினால் மற்றது மட்டும் மிஞ்ச வேண்டும். பரிமாணம் ஒத்துப்போகிறதா என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இயக்கவியலில் செலவிடும் நேரம் வீணாகாது

நேரம் குறைவாக இருக்கிறது, குறைக்கடத்திகளையும் அணு இயற்பியலையும் முதலில் முடித்து மதிப்பெண்ணை உறுதிசெய்துகொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தால் செய்யலாம்; ஓராண்டு இருக்கும்போது அது தவறான வரிசை. தகடுகளுக்கு இடையிலான மின்புலத்தில் நுழையும் எலக்ட்ரான் ஓர் எறிபொருளே. காந்தப்புலத்தில் சுற்றும் துகள் வட்ட இயக்கமே. நீல்ஸ் போரின் அணு மாதிரியிலும் வட்ட இயக்கமும் கோண உந்தமும்தான் வருகின்றன. இயக்கவியலில் உள்ள ஓட்டை பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் முழுவதிலும் கசியும்.

இங்கே கற்க வேண்டிய முதன்மையான பழக்கம், தனித்த பொருளின் விசைப் படத்தை வரைவது. படத்தில் போடும் ஒவ்வொரு விசைக்கும் அதைத் தருவது எது என்று பெயர் சொல்லுங்கள்: பூமி, தரை, கயிறு, சுருள்வில், காற்று. பெயர் சொல்ல முடியாத விசையை அழித்துவிடுங்கள். தரையில் நின்று பார்ப்பவரின் பார்வையில் வரையும்வரை இந்த ஒரு விதி போதும். மையநோக்கு விசையைத் தனி அம்பாகப் போடும் வழக்கம் தானாக நின்றுவிடும், ஏனெனில் அதைத் தனியாகத் தருபவர் யாருமில்லை. கயிற்றின் இழுவிசையும் எடையும் சேர்ந்த தொகுபயனே மையத்தை நோக்கிய விசையாக அமைகிறது. கயிற்றில் கட்டிய கல் செங்குத்து வட்டத்தைச் சுற்றிவர உச்சியில் ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும், ஏனெனில் கயிறு இழுக்குமே தவிரத் தள்ளாது. கயிற்றுக்குப் பதிலாக நிறையற்ற, வளையாத கம்பி இருந்தால் உச்சியில் வேகம் சுழியாகலாம், கம்பி தாங்கிக்கொள்ளும். ‘கயிறு’, ‘கம்பி’ என்ற ஒற்றைச் சொல் மாற்றத்தில் விடை மாறுவதைக் கவனியுங்கள்.

உராய்விலும் இதே கதைதான். 2 கிலோகிராம் நிறையுள்ள கட்டை கிடைத்தளத்தில் இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். கிடைத்திசையில் 6 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு? குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கி 10 நியூட்டன் என்று குறிப்பவர்களே அதிகம். அந்தப் பெருக்கம் தருவது நிலை உராய்வு எட்டக்கூடிய பெரும மதிப்பை. கட்டை நகரவில்லை, ஆகவே உராய்வு 6 நியூட்டன்தான். 12 நியூட்டனால் தள்ளும்போது கட்டை நகர்கிறது, உராய்வு 8 நியூட்டனாகிறது, முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர். கணக்கில் நுழையும் முன் ‘நகர்கிறதா இல்லையா’ என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பற்றி ஒரு சொல். மேசையின் மேல் இருக்கும் புத்தகத்தின் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் செயல், எதிர்ச்செயல் இணை அல்ல. இரண்டும் புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன. எடைக்கு இணையான எதிர்விசை பூமியின் மீது, புத்தகத்தால் செலுத்தப்படுவது.

சுழற்சி இயக்கத்தை மாணவர்கள் அஞ்சுவது இயல்பு, ஆனால் நீட் அளவில் அதன் எல்லை சிறியது. சாய்தளத்தில் திண்மக் கோளம், வட்டத் தட்டு, வளையம் மூன்றையும் ஒரே உயரத்திலிருந்து விட்டால் கோளம் முதலிலும் வளையம் கடைசியிலும் வரும், நிறையும் ஆரமும் எவ்வளவாக இருந்தாலும் சரி. இது நழுவாமல் உருளும்போது. சாய்தளத்தில் உராய்வே இல்லை என்றால் மூன்றும் உருளாமல் சறுக்கி ஒன்றாகவே வந்துசேரும்.

எது மாறவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக மின்தேக்கியைவிட நல்ல இடம் இல்லை. இணைத்தட்டு மின்தேக்கியின் இடைவெளியை மின்காப்பு மாறிலி 4 கொண்ட பலகையால் முழுதும் நிரப்புகிறோம். பேட்டரி இணைப்பில் இருந்தால் மின்னழுத்த வேறுபாடு மாறாது. தேக்குத்திறன் 4 மடங்காவதால் மின்னூட்டமும் 4 மடங்காகும், சேமித்த ஆற்றலும் 4 மடங்காகும், தகடுகளுக்கு இடையிலான மின்புலம் மாறாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பலகையை நுழைத்தால் மின்னூட்டம் போக இடமில்லை, அது மாறாது. மின்னழுத்தமும் மின்புலமும் ஆற்றலும் நான்கில் ஒரு பங்காகும். ஆற்றலுக்கு மூன்று சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் எதை எடுப்பது என்று குழம்புபவர்கள், மாறாத அளவு எந்தச் சூத்திரத்தில் இருக்கிறதோ அதை எடுத்தால் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இன்னும் ஓர் அடி உள்ளே போவோம். பேட்டரி இணைந்திருக்கும்போது ஆற்றல் கூடுகிறது. ஆனாலும் மின்தேக்கி பலகையை உள்ளேதான் இழுக்கிறது. ஆற்றல் கூடும் திசையில் ஒன்று தானாக இழுக்கப்படுமா? கூடுதல் மின்னூட்டத்தைத் தள்ளப் பேட்டரி செய்த வேலையைக் கணக்கிட்டால் அது மின்தேக்கியில் கூடிய ஆற்றலைப்போல் சரியாக இரு மடங்கு. அதில் ஒரு பாதி மின்தேக்கியில் தங்குகிறது, மறு பாதி பலகையை இழுக்கும் வேலையாகவும் வெப்பமாகவும் போகிறது. தேர்வில் இந்த அளவுக்குக் கேட்பது அரிது. ஆனால் இந்தக் கணக்கை ஒருமுறை தாமாகச் சரிபார்த்தவர்கள் மின்தேக்கிக் கேள்விகளுக்கு மனப்பாட அட்டவணையைத் தேடுவதில்லை.

மின்விளக்குகளிலும் இப்படியே. 220 வோல்ட்டுக்கென்று குறிக்கப்பட்ட 100 வாட், 60 வாட் குண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டால் 60 வாட் பல்பே பிரகாசமாக எரியும், ஏனெனில் அதன் மின்தடை அதிகம், இரண்டிலும் ஓடும் மின்னோட்டம் ஒன்று. பக்க இணைப்பில் மின்னழுத்தம் ஒன்று, 100 வாட் வெல்லும். கம்பியை இழுத்து நீளத்தை இரு மடங்காக்கினால் மின்தடை நான்கு மடங்காவது கம்பியின் பருமன் மாறாததால். அதே கம்பியில் இரு மடங்கு நீளத்தை வெட்டி எடுத்தால் இரு மடங்குதான். நீளம் 10 விழுக்காடு கூடும்படி இழுத்தால் சரியான விடை 21 விழுக்காடு. சதவீதத் தோராயச் சூத்திரம் 20 என்று சொல்லும். அது சிறிய மாற்றங்களுக்கு உரியது, தெரிவுகளில் 20, 21 இரண்டும் இருந்தால் கவனம் தேவை.

ஒரே கேள்வி பல பாடங்களில் வேடம் மாற்றி வருவதையும் பழகிக்கொள்ளுங்கள். எட்டுச் சம துளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய துளியாகின்றன. பருமன் மாறாது, ஆகவே ஆரம் இரு மடங்காகும். இந்த ஒன்று தெரிந்ததும் மற்றவை வரிசையாக வந்துவிடும்: மொத்தப் பரப்பு பாதியாகிறது, அதனால் பரப்பு ஆற்றலில் பாதி வெளிப்படுகிறது, காற்றில் விழும் முற்றுத் திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் நான்கு மடங்காகிறது, துளிகள் ஒவ்வொன்றும் சம மின்னூட்டம் பெற்றிருந்தால், மின்னூட்டம் எட்டு மடங்கும் ஆரம் இரு மடங்கும் ஆவதால் மின்னழுத்தம் நான்கு மடங்காகிறது. இவற்றைப் பரப்பு இழுவிசை, பாகியல், நிலைமின்னியல் என்று மூன்று இடங்களில் மூன்று தனிச் சூத்திரங்களாக எழுதிவைத்திருப்பவரின் குறிப்பேட்டை நான் கண்டிருக்கிறேன்; சுமை அங்கேதான் ஏறுகிறது.

ஈர்ப்பியலில், கோளின் ஆரம் இரு மடங்கு என்றால் விடுபடு வேகம் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விடை ‘எதை மாறாமல் வைத்து?’ என்பதில் இருக்கிறது. நிறை மாறாவிட்டால் அது 1/√2 பங்காகக் குறையும். அடர்த்தி மாறாவிட்டால் நிறை எட்டு மடங்காகிவிடுவதால் வேகம் இரு மடங்காகும்.

ஒளியியலில் கருவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் கேள்விகளைச் சேர்த்துப் படியுங்கள். ஒளியின் அதிர்வெண் மாறாது, அலைநீளம் குறையும், அதனால் இரட்டைப் பிளவு ஆய்வில் பட்டை அகலம் நான்கில் மூன்று பங்காகும். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட கண்ணாடி வில்லையின் குவியத் தூரம் தண்ணீரில் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கோள ஆடியின் குவியத் தூரம் அப்படியே இருக்கும், ஏனெனில் எதிரொளிப்பு விதியில் ஊடகத்துக்கு வேலை இல்லை.

நேர்விகிதம் என்று ஏமாறும் இடம்

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவு சிறிய பாடம். மதிப்பெண் எளிதில் கிடைக்கும், எளிதில் போகவும் செய்யும். வெளியேற்று ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட உலோகத்தின் மீது 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான்கள் விழுந்தால் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட். அதிர்வெண்ணை இரு மடங்காக்கினால்? 2 அன்று, 4. ஃபோட்டானின் ஆற்றல் இரு மடங்காகிறது, கழிக்கப்படும் வெளியேற்று ஆற்றல் அப்படியே இருக்கிறது. ஒரு கூட்டலோ கழித்தலோ உள்ள சமன்பாட்டில் விகிதக் கணக்கு நேராக ஓடாது. பெருக்கலும் வகுத்தலும் மட்டும் உள்ளவற்றிலேயே ஓடும். அதிர்வெண்ணை மாற்றாமல் ஒளிச்செறிவை இரு மடங்காக்கினால் தெவிட்டு மின்னோட்டம் இரு மடங்காகும், நிறுத்து மின்னழுத்தம் மாறாது. செறிவை மாற்றாமல் அதிர்வெண்ணைக் கூட்டினால் வினாடிக்கு விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை குறையும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வெப்ப இயக்கவியலில் இன்னொரு பொறி இருக்கிறது, அது நீட் எழுதுபவர்களுக்கே உரியது. ஒரே தேர்வில் இயற்பியலும் வேதியியலும் வருகின்றன. இயற்பியல் நூலில் வேலை என்பது வாயு செய்வது, வேதியியல் நூலில் வேலை என்பது அமைப்பின் மீது செய்யப்படுவது. முதல் விதியில் வேலையின் குறி இரண்டிலும் எதிரெதிர். இரு பாடங்களிலும் குறிப்பின் முதல் வரியாக இதை எழுதிவையுங்கள்.

வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: சாய்வு என்ன பொருள் தருகிறது, கீழுள்ள பரப்பு என்ன பொருள் தருகிறது என்று ஒவ்வொரு வரைபடத்துக்கும் கேளுங்கள். மேல்நோக்கி எறியப்பட்ட பந்தின் திசைவேக வரைபடம் சுழியை வெட்டும் இடத்திலும் அதே சாய்வோடு செல்லும் நேர்கோடு என்பதைக் கண்டவர், உச்சியில் முடுக்கமும் சுழி என்று எழுதமாட்டார்.

தேவைப்படும் கணிதமும் குறைவுதான். வெக்டர் கூறுபடுத்தல், 30, 37, 45, 53, 60 பாகைகளின் முக்கோணவியல் மதிப்புகள், எளிய வகையிடலும் தொகையிடலும், பத்தின் அடுக்குகளைக் கையாளும் பழக்கம், சிறு கோணங்களுக்கான தோராயம். பெருக்கலையும் வகுத்தலையும் கையாலேயே செய்யுங்கள். வீட்டில் கைப்பேசியின் கணிப்பானைத் தொட்டுப் பழகிய விரல் தேர்வறையில் தடுமாறும்.

ஆய்வகமும் கூற்றுக் கேள்விகளும்

தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்விலிருந்து நடைமுறைப்படுத்திய பாடத்திட்டத்தில் இயற்பியலின் இருபதாவது அலகு செய்முறைத் திறன்கள். வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுக் குழாய், செனார் டையோடின் வரைகோடு ஆகியவை இதில் அடங்கும். பள்ளி ஆய்வகத்தில் பதிவேட்டை நண்பரிடம் பார்த்து எழுதியவர்கள் இங்கே இழப்பார்கள். திருகு அளவியைக் கையில் எடுத்து, மீச்சிற்றளவைத் தாமாகக் கண்டறிந்து, சுழிப்பிழை நேர்க்குறியா எதிர்க்குறியா என்று பார்த்து, திருத்திய அளவை ஒரு மாலைப்பொழுதில் சில முறை எடுத்துவிட்டால் அந்த அலகின் பாதி முடிந்துவிடும். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் அளவுகோலைத் தாளில் பெரிதாக வரைந்து பழகலாம்.

கூற்று வகைக் கேள்விகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. 2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள் கேட்கப்பட்டன. நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாக இருப்பதால் அணுக்கள் மின் நடுநிலை கொண்டவை என்பது ஒன்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை உமிழ்பவை என்பது மற்றொன்று. என்சிஇஆர்டியின் பழைய பதிப்பில் இரண்டாவது கூற்று ஏறத்தாழ அப்படியே இருந்ததால் அதைச் சரி என்று குறித்தவர்களுக்கும் தேர்வு முகமை முதலில் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது; நீதிமன்றம் டெல்லி ஐஐடியின் கருத்தைக் கேட்டது; இரண்டாவது கூற்று தவறு என்ற ஒரே விடைதான் சரி என்று 2024 ஜூலையில் முடிவானது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை அல்ல என்று நினைவுகூர்ந்தவருக்கு ‘ஒவ்வொரு’ என்ற சொல்லே போதுமானது. புதிய பதிப்பை வைத்துப் படியுங்கள் என்பது இதிலிருந்து கிடைக்கும் எளிய அறிவுரை. ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘மட்டும்’ போன்ற சொற்களின் மீது கோடு போட்டு, எதிர் எடுத்துக்காட்டு ஒன்றைத் தேடுங்கள் என்பது அதைவிடப் பயனுள்ளது.

தமிழில் எழுதுபவர்களுக்கு வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை இருப்பதாகத் தொடரப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. எனவே நிபந்தனைகளைச் சுமந்துவரும் சொற்களை இரு மொழியிலும் தெரிந்துவைத்திருங்கள். வழவழப்பான தளம் என்றால் உராய்வு இல்லை, இலேசான கயிறு என்றால் நிறை இல்லை, மெதுவாக நகர்த்தினால் இயக்க ஆற்றல் கணக்கில் வராது, நீளா இழை என்றால் இரு முனைகளின் முடுக்கமும் ஒன்று. ‘ஸ்மூத்’, ‘லைட்’, ‘ஸ்லோலி’ என்று ஆங்கிலத்தில் வரும்போதும் அதே பொருள் உடனே தோன்ற வேண்டும்.

பயிற்சியும் தேர்வறையும்

பழைய வினாத்தாள்களை முதலில் பாடவாரியாகவும், பிறகு முழுத் தாளாகவும் செய்யுங்கள். ஒரு கேள்விக்கு விடை சரியாக வந்துவிட்டால் உடனே அடுத்ததற்குப் போகாமல், அதன் நிபந்தனையை மாற்றி நீங்களே ஒரு புதிய கேள்வி ஆக்குங்கள்: பேட்டரியைக் கழற்றினால்? உராய்வு இருந்தால்? உந்தம் சமமென்றால்? ஐம்பது கேள்விகளைச் செய்துமுடித்த கணக்கைவிடப் பத்துக் கேள்விகளை இப்படித் திருப்பிப்போட்டுப் பார்ப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து; கோச்சிங் வகுப்பின் வேகம் இதற்கு இடங்கொடுக்காது, ஆகவே வீட்டில்தான் செய்ய வேண்டும். தீர்வு காணொளியைப் பார்ப்பது தீர்ப்பதாகாது. அடுத்தவர் கணக்கைப் போடும்போது நிபந்தனையை அவரே தேர்ந்தெடுத்துவிடுகிறார், உங்களுக்கு எஞ்சுவது கூட்டல் கழித்தல்தான்.

தவறுகளுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்தால், அதில் கேள்வியையும் சரியான விடையையும் படியெடுக்காதீர்கள். தவறின் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘ஓய்வில் இருக்கும் பொருளுக்குப் பெரும உராய்வைப் போட்டேன்’, ‘அடர்த்தி மாறாதது என்பதை வாசிக்கவில்லை’, ‘பத்தின் அடுக்கில் பிழை’. சில வாரங்களில் மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். கணக்குப் பிழையே அதிகம் என்றால் கருத்தை மீண்டும் படிப்பதில் பயனில்லை, கைக்கணக்கைப் பழக வேண்டும்.

தேர்வறையில் உயிரியலின் 90 கேள்விகளை ஐம்பது நிமிடத்துக்குள் முடிக்கப் பழகியவருக்கு இயற்பியலுக்கு எழுபது நிமிடம் வரை ஒதுக்க முடியும். முதல் சுற்றில், வாசித்ததும் வழி தெரியும் கேள்விகளை மட்டும் போடுங்கள். வழி தெரிந்தும் கணக்கு நீளமானவற்றை இரண்டாம் சுற்றுக்குக் குறித்துவையுங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்பதால், நான்கு தெரிவுகளில் கண்மூடிக் குறித்தால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண்தான் மிஞ்சும், ஒரே நாளில் நடக்கும் ஒரு தேர்வில் அந்தச் சராசரியை நம்ப முடியாது. பரிமாணத்தாலோ எல்லைச் சோதனையாலோ இரண்டு தெரிவுகளை நீக்கிவிட்டால் அதே சராசரி ஒன்றரையாகிறது, அப்போது குறிக்கலாம். எதையும் நீக்க முடியாத கேள்விகளைக் காலியாகவே விட்டுவிட்டு, மிஞ்சும் நிமிடங்களில் முதல் சுற்றில் போட்ட விகிதக் கேள்விகளுக்குத் திரும்பிச் சென்று, எதைச் சமம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதை இன்னொரு முறை வாசியுங்கள்.